மைக்காரர் கேட்ட கூட்டங்கள்

மக்களின் மருத்துவச் செலவை யார் தலையில் கட்டுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால், அந்த மக்களையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அரசாங்கத்துக்குத் தோன்றியது. கேட்பதற்கு ஒரு குழு வேண்டும். குழு என்றால் தலைவர் வேண்டும். தலைவர் என்று ஒருவர் வந்துவிட்டால் அவருக்கு மைக் இல்லாமல் முடியாது. அப்படித்தான் மைக்காரர் இந்தக் கதைக்குள் வந்தார்.

ஊரில் எல்லாருக்கும் அவர் மைக்காரர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக் கணக்கில் பத்திரமாக இருந்தது. கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, கடை திறப்போ, எதுவானாலும் ஸ்பீக்கர்களையும் மிக்ஸரையும் வயர்ச் சுருள்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறங்குவார். போனில் ஆர்டர் எடுப்பது அவர் மனைவி. தேதி, மண்டபம், எத்தனை மைக், எவ்வளவு முன்பணம், எல்லாவற்றையும் அவள் பேசி முடித்துவிடுவாள். பேச்சு அவள் பொறுப்பு, சத்தம் இவர் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து இப்படித் தொழில் பிரித்துக்கொண்டு சண்டை சச்சரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மைக்காரரின் காது ஒரு தினுசு. மைக்கில் யார் எதைப் பேசினாலும் அவருக்குப் பேச்சு கேட்காது, சத்தம்தான் கேட்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் இரைச்சல் வருகிறதா, கீச்சென்று கத்துகிறதா, கரகரக்கிறதா என்பதில்தான் குறி. என்ன சொன்னார்கள் என்று கேட்டால் விழிப்பார். ஒரு முறை கட்சிக் கூட்டத்தில் பேச்சாளர் இந்த மைக்செட்டுக்காரன் எதிர்க்கட்சிக்காரன் என்று அரை மணி நேரம் திட்டினார். மைக்காரர் அந்த அரை மணி நேரமும் குரலைத் துல்லியமாக வைத்துக் கொடுத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு, ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வந்தார்.

அந்த வருடத் தொடக்கத்தில் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். இதய டாக்டர் எல்லா சோதனையும் செய்து பார்த்துவிட்டு, ஒரு வால்வு சரியாக மூடவில்லை, சீக்கிரம் வந்தால் தைத்தே சரிசெய்துவிடலாம் என்றார். எவ்வளவு ஆகும் என்று மைக்காரர் கேட்டார். டாக்டர் சொன்னார். மைக்காரர் இன்னொரு முறை கேட்டார். அதே தொகையைத்தான் டாக்டர் மறுபடியும் சொன்னார்.

அவளுடைய அண்ணன் டயர் கடை வைத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் வீட்டுக்கு வந்து, "பாதிப் பணம் நான் தர்றேன் மாப்ள. மீதிக்கு ஏற்பாடு பண்ணுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார்.

மச்சானிடம் கடன் வாங்கினால் ஆயுசுக்கும் டயர் கடை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியிருக்கும் என்று மைக்காரருக்குப் பட்டது. "எதுக்கு மச்சான் கடன்? அரசாங்கமே கட்டப் போகுது. சட்டம் வருது. அந்தக் கூட்டத்துக்கெல்லாம் மைக் யாரு? நான்தானே" என்றார்.

இந்த ஆதாரத்தைக் கேட்டுக்கொண்டே அண்ணன் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மைக்காரர் பொய் சொல்லவில்லை. மேடைக்குப் பின்னால் 'அனைவருக்கும் இலவச சிகிச்சை' என்று ஒரு பெரிய பேனர் தொங்கியது. அதன் ஓரத்தை மறைக்காமல் ஸ்பீக்கரை வைத்ததே அவர்தான். கூட்டத்தில் அவர் மனதில் பதிந்த ஒரே வாசகம் அந்தப் பேனர்தான்.

கூட்டங்கள் மாதத்துக்கு ஒன்றாக நகராட்சி மண்டபத்தில் நடந்தன. மேடையில் ஐந்து பேர் கொண்ட குழு, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கீழே பொதுமக்களுக்கு ஒரு ஸ்டாண்ட் மைக். ஒருவருக்கு மூன்று நிமிடம். தலைவர் மணியடித்ததும் மைக்காரர் அந்த மைக்கை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் மக்கள் இறங்க மாட்டார்கள் என்பது தலைவருக்கு அனுபவத்தில் தெரியும்.

தனியார் மருத்துவமனை முதலாளி ஒருவர் வந்தார். அரசாங்கம் கட்டுகிறேன் என்று சொல்லும், ஆனால் பில்லை அனுப்பினால் கிணற்றில் போட்ட கல்தான் என்றார். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வந்தார். ஆயுசு முழுக்க வரி கட்டியவன் நான், எவனோ சிகரெட் பிடித்துக் கெடுத்துக்கொண்ட நுரையீரலுக்கு நான் ஏன் அழ வேண்டும் என்றார். நர்சுகள் சங்கத்துத் தலைவி எழுந்து, அப்படியானால் உங்கள் பென்ஷனுக்கு நாங்கள் ஏன் அழ வேண்டும் என்று கேட்டார். ஒரு இளைஞன் எனக்கு எந்த நோயும் இல்லை, என்னிடம் எதற்கு மாதாமாதம் பணம் பிடிக்கப் போகிறீர்கள் என்றான். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், உன் வயதில் எனக்கும் ஒன்றும் இல்லை தம்பி என்றார். அவருக்கு முறை வரவில்லையாதலால் அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

மைக்காரர் கணக்கில் இவர்கள் வேறு ஆட்கள். முதலாளி மைக்கை விழுங்குகிறவர். அதிகாரி மைக்கை வயிற்றுக்கு நேரே பிடிக்கிறவர். சங்கத் தலைவிக்கு மைக்கே தேவையில்லை. ரொம்பத் தொல்லை கொடுத்தவர் குழுவின் செயலாளர். அவர் பங்களிப்பு, பங்களிப்பு என்று வாய்க்கு வாய் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அந்தப் 'ப' ஸ்பீக்கரில் பட்டாசாக வெடிக்கும். மைக்காரர் அவருடைய மைக்குக்குப் பஞ்சு உறை போட்டார், அடிக்குரலைக் குறைத்தார், மைக்கைக் கொஞ்சம் ஒருச்சாய்த்து வைத்தார். நாலாவது கூட்டத்தில் வெடிப்பு அடங்கியது. அன்று முழுக்க மைக்காரருக்கு உள்ளூரப் பெருமை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பாள். "இன்னைக்கு என்ன சொன்னாங்க?"

"செயலாளர் மைக் இப்ப அருமையா இருக்கு."

"அது இல்லங்க. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு என்னன்னு சொன்னாங்க?"

"அதெல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்கு. சட்டம் வந்துரும், பாரேன்."

அவள் அதற்கு மேல் கேட்க மாட்டாள். கேட்கவும் மூச்சு வேண்டுமே.

ஆறாவது கூட்டத்தில் நாலைந்து பேர் பேசி முடித்த பிறகு, தலைவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். ஸ்டாண்ட் மைக்குக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். உயரத்துக்குத் தகுந்தபடி மைக்கை இறக்கிவிட எழுந்த மைக்காரர், அது தன் மனைவி என்று பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மண்டபத்து எழுத்தருக்குப் போன் போட்டு டோக்கன் வாங்கியிருக்கிறாள். ஆர்டர் எடுத்தவளே அவள்தானே, நம்பர் கையில் இருந்தது. அண்ணன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். மைக்கை அவளே இறக்கிக்கொண்டாள்.

"ஐயா, வணக்கம். எனக்கு வால்வு ஆபரேஷன் பண்ணணும். எங்க வீட்டுக்காரரு உங்க கூட்டம் ஒண்ணு விடாம வந்திருக்காரு. அரசாங்கமே கட்டிரும்னு சொன்னாரு. அதனால அஞ்சு மாசமா உக்காந்திருக்கோம். சட்டம் எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி நான் மூச்சு விட்டுக்கிறேன்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிக்கக் கூடாது என்று நிறுத்திக்கொண்டார்கள்.

செயலாளர் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் என்ன வேலைம்மா?"

"சொந்தத் தொழில்."

"அப்படின்னா நீங்க பங்களிப்புப் பிரிவுல வருவீங்க. சட்டம் வந்தப்புறம் ஒரு வருஷம் பங்களிப்பு கட்டணும். அப்புறம்தான் சிகிச்சை. ஏற்கெனவே இருக்கிற நோய்னா ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா?"

"முதல் கூட்டத்துலயே சொல்லிட்டோமே. எல்லாக் கூட்டத்துலயும் சொல்றோம். உங்க வீட்டுக்காரர் எங்கம்மா உக்காந்திருந்தார்?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். "அதோ, அங்க."

மண்டபம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மைக்காரர் ஹெட்போனை மாட்டியபடி மிக்ஸர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பங்களிப்பு என்பது இப்போதுதான் அவர் காதில் ஒரு சொல்லாக விழுந்தது. துளி வெடிப்பில்லாமல், சுத்தமாக.

அவள் மறுபடியும் பேச ஆரம்பித்தாள். ஹெட்போனில் பேச்சுக்கு முன்னால் மூச்சுதான் வந்தது. ரெண்டு வார்த்தை, ஒரு இழுப்பு. ஒரு வார்த்தை, ஒரு இழுப்பு. அந்த இழுப்பின் அடியில் ஈரமாக ஒரு கரகரப்பு. யார் மைக்கில் மூச்சுச் சத்தம் வந்தாலும் குறைத்துவிடுகிற கை, தானாகக் குமிழ் மேல் போய், பிறகு நின்றது. ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருந்திருக்கிறோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

தலைவர் மணியடித்தார். மணியடித்தால் அணைத்தே பழகிய விரல் அணைத்துவிட்டது.

அவள் அதற்குப் பிறகும் எதையோ சொன்னாள். வாய் அசைந்தது. மேடையில் இருந்தவர்களுக்கும் கேட்கவில்லை, கீழே இருந்தவர்களுக்கும் கேட்கவில்லை. சொல்லி முடித்து, குழுவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அண்ணன் வந்து கைத்தாங்கலாக அழைத்துப் போனார்.

கூட்டம் முடிந்து சாமான்களை ஏற்றியபின் பார்த்தால், அவள் அண்ணன் காரில் போகாமல் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மைக்காரர் ஏறினார். சாவியைப் போட்டார். வண்டியை எடுக்கவில்லை.

"மைக் நின்னதுக்கப்புறம் என்ன சொன்ன?"

"ஒண்ணும் பெருசா இல்ல. அவரைத் தப்பா நினைக்காதீங்க, அவரு சத்தத்தைப் பாக்கிறவரு, பேச்சை நான்தான் பாத்திருக்கணும், விட்டுட்டேன்னு சொன்னேன்."

மைக்காரர் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். ஹாரன் ஒரு தடவை அடித்துவிட்டது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார்.

வண்டி நேராக டயர் கடைக்குப் போனது. மச்சான் என்ன சொல்வாரோ என்று மைக்காரர் தயங்கித் தயங்கி இறங்கினார். மச்சான் கல்லாவை மூடிவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டார். மீதிப் பணத்துக்குப் பெரிய ஸ்பீக்கர் இரண்டும் போயின.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "அன்னைக்கே வந்திருந்தா தைச்சிருக்கலாம். இப்ப ரொம்பக் கெட்டுப்போச்சு. எடுத்துட்டு வேற வைக்கணும். உலோக வால்வுதான்" என்றார். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று மைக்காரர் ரொம்ப நாள் யோசித்தார்.

அவள் வார்டில் இருந்தபோது சட்டம் நிறைவேறியது. எல்லாருக்கும் சிகிச்சை உண்டு என்பதில் எல்லாக் கட்சிகளும் ஒத்துப்போயின. யார் கட்டுவது என்பதை முடிவு செய்ய மட்டும் தனியாக ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவுக்கும் மைக் வேண்டியிருந்தது. அவள் கட்டிலில் சாய்ந்தபடியே போனில் பேசி, இந்தத் தடவை முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டு வாங்கினாள்.

மைக்காரர் போனார். ஆனால் பேசுகிறவர்கள் சொல்வதை இப்போது அவர் கேட்க ஆரம்பித்திருந்தார். ஒருவர் சொல்வது சரியாகப் படும், அடுத்தவர் சொல்வதும் சரியாகப் படும், அதை யோசித்துக்கொண்டிருக்கும்போது மைக் கீச்சென்று கத்தும். முன்னைப் போல வேலை சுத்தமில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் டாக்டர் இருவரையும் உட்கார வைத்து மாத்திரைகளைப் பற்றிச் சொன்னார். பிறகு, "அமைதியான இடத்துல இருந்தா வால்வு மூடுற சத்தம் கேக்கும். டிக் டிக்குனு. பயப்பட வேண்டாம். அது கேக்கணும். என்னைக்காவது மந்தமா கேட்டாலோ, கேக்காமலே போனாலோ, ரத்தம் கட்டியிருக்கும்னு அர்த்தம். அடுத்த நிமிஷம் இங்க இருக்கணும்" என்றார்.

"எனக்கே தெரியுமா டாக்டர்?"

"உங்களுக்குப் பழகிரும். அதனால உங்களால நிச்சயமா சொல்ல முடியாது. பக்கத்துல இருக்கிறவங்க தினமும் கவனிச்சுக் கேக்கணும். வீட்டுல நல்லாக் காது கேக்கிறவங்க யாராவது இருக்காங்களா?"

அவள் திரும்பி மைக்காரரைப் பார்த்தாள். மைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்காரு டாக்டர்" என்றாள்.