என்ன எறும்பு?

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும் டிரஸ்ஸிங் அறைக்குள் நுழையும்போதே குழந்தை ஊரைக் கூட்டிவிட்டாள். வெந்நீர் கொட்டி வலது முன்கை வெந்திருந்தது. வயது ஐந்துதான், தொண்டைக்கு ஐம்பது. நேற்று நாலு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் கட்டு மாற்றினார்களாம். அந்த நாலு பேரில் அப்பாவும் ஒருவர். லாரி ஓட்டுகிற ஆஜானுபாகுவான மனிதர். இன்று கதவோரம் ஒடுங்கி நின்றிருந்தார். பக்கத்தில் போனாலே மகள் உதைக்கிறாள்.

"வலிக்குமான்னு கேட்டா சிஸ்டர். வலிக்கவே வலிக்காதுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை! வெந்த கைக்குத் தெரியாதா உண்மை?

நர்சுக்கு அமுக்கிப் பிடிப்பதென்றாலே ஆகாது. அமுக்கினால் பிள்ளைகள் அடங்குவதில்லை, அடுத்த நாளுக்கும் சேர்த்துப் பயப்படுகிறார்கள் என்பது அவள் கட்சி. ஆனால் இன்றும் முடியாவிட்டால் நாலு பேரைத்தான் கூப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கட்டின்மேல் உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"ஊறினா துணி சுலபமா விட்டுரும், தங்கம். கொஞ்சம் வலிக்கும். எறும்பு கடிச்ச மாதிரி."

அழுகை சட்டென்று நின்றது.

"என்ன எறும்பு?"

நுணலும் தன் வாயால் கெடும். இத்தனை வருஷமாக எத்தனையோ பிள்ளைகள்மேல் அந்த எறும்பை ஏவியிருக்கிறாள். ஒரு பிள்ளையும் அதன் குலம் கோத்திரம் விசாரித்ததில்லை.

"கறுப்பா, சிவப்பா? குட்டிக் கறுப்பு கடிக்காது."

கறுப்பு என்று சொல்லத்தான் நர்சின் நாக்கு துடித்தது. கதவோரம் நின்றவரைப் பார்த்தாள். துடிப்பு அடங்கியது.

"சிவப்புதான். நடுவுல கட்டெறும்பும் வரும். நீ நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடுவேன்."

"நெஜமா நிறுத்துவியா?"

"இல்லேன்னா என்னையும் ஒரு உதை விடு."

குழந்தை யோசித்தாள். பிறகு தானே துணியின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தாள். "சிவப்பு" என்று அறிவித்தாள். இன்னும் கொஞ்சம் நர்சு உரித்தாள். "நிறுத்து!" என்றதும் நர்சு இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். அப்படியே நிறுத்தி நிறுத்தி மணிக்கட்டுவரை வந்துவிட்டார்கள். அங்கே துணி நன்றாகவே ஒட்டியிருந்தது.

"கட்டெறும்பு! கட்டெறும்பு!"

குழந்தை கிடுகிடுவென்று நடுங்கினாள். அப்பாவால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. ஓடி வந்து அருகே மண்டியிட்டார். அவள் உதைக்கவில்லை, தொடவுமில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, முடிஞ்சிருச்சா?"

நர்சு துணியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். 'முடிஞ்சிருச்சும்மா' என்கிற வார்த்தை அவர் உதட்டு நுனிவரை வந்து நிற்பது தெரிந்தது. பாவம், எந்த அப்பாவுக்குத்தான் வராது? ஆனால் அதைச் சொல்லி, அடுத்த நொடியே நர்சு துணியை இழுத்தால், மகள் இனி அவரை நம்பவே மாட்டாள்.

அவர் மகளின் மணிக்கட்டைப் பார்த்தார்.

"இல்ல கண்ணு. இன்னும் ஒரு துண்டு ஒட்டிக்கிட்டிருக்கு. வலிக்கும்."

குழந்தையின் முகம் கோணியது. ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே இடது கையால் அப்பாவின் காலரைப் பற்றி இழுத்து, அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வெந்த கையை நர்சிடம் நீட்டினாள்.

"எடு."