இரண்டு ஜோடி ஸ்கீ

ஃப்ரீமான்டிலிருந்து நெவாடா பாலைவனத்துக்குள் போகும் வழி முழுக்க மகாதேவன்தான் பேசிக்கொண்டு வந்தார். முன் சீட் அவருக்கு. ஓட்டுவது செல்வராஜ். பின் சீட்டில், ஹெல்மெட்டுகளுக்கும் ட்ரோன் பெட்டிக்கும் நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு செல்வராஜின் மனைவி கயல்.

மகாதேவன் செல்வராஜின் ஆபீஸில் டைரக்டர். இந்த ஊர் வழக்கப்படி செல்வராஜும் அவரை ‘மகா’ என்றுதான் கூப்பிடுவான். ஆனால் கரூரில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா முதலாளியைக் கூப்பிடும் குரல் அது. கயலுக்குக் கேட்கும்போதெல்லாம் பல் கூசும்.

“லிஃப்ட்ல ஏறி சறுக்குறதெல்லாம் குழந்தைங்க வேலை. மே மாசக் கடைசி, பாலைவனத்து மலை, நம்மளே ஏறணும், நம்மளே இறங்கணும். அதுதான் ப்யூர் ஸ்கீயிங்,” என்றார் மகாதேவன்.

அவர் இதை ஒரு வீடியோவில் பார்த்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கயல் ஏழு குளிர்காலமாக இப்படி மலையேறி இறங்குகிறவள். பனிச்சரிவு பற்றி வகுப்புக்கும் போயிருக்கிறாள். அதை அவர் கேட்கவும் இல்லை, செல்வராஜ் சொல்லவும் இல்லை. கிளம்பும் முன்பே கெஞ்சியிருந்தான்: “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க கயலு. ஆபீஸ்ல ரிவ்யூ நேரம், என் சம்பள உயர்வு அவர் கையிலதான்.”

மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தூங்கினார்கள். சுற்றிலும் புழுதி, முள்ளு, சாம்பல் நிறப் புதர். காய்ந்து கிடந்த அந்த மலையில், விலா எலும்புபோல் புடைத்து இறங்கிய இரண்டு பாறை முகடுகளுக்கு நடுவே உச்சியிலிருந்து அடிவரை ஒரே ஒரு பனி ஓடை மிச்சமிருந்தது.

அந்தப் பனிக்கு ஒரு குணம் உண்டு. ராத்திரிக் குளிரில் கல்லாக இறுகிவிடும். காலை வெயில் பட்டதும் மேல்பாகம் மட்டும் ரவையாக உதிரும். அந்த நேரத்தில் சறுக்கினால் சொர்க்கம். வெயில் ஏறினால் ரவை கஞ்சியாகும், சரிவே கழன்றுகொண்டு வரும். ஆகவே விடியும் முன் ஏறத் தொடங்க வேண்டும். மகாதேவனோ விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார். எழுந்தவர் ஒரு கைப்பம்பை அழுத்தி அழுத்தி எஸ்ப்ரெஸோ இறக்கினார். அந்தச் சிட்டிகைக் காபி இறங்குவதற்குள் சூரியன் ஒரு பனை உயரம் ஏறிவிட்டது.

ஸ்கீ என்கிற சறுக்குப் பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு புதர்க்காட்டைத் தாண்டி, பனி தொடங்கிய இடத்தில் அடியில் வழுக்காத பட்டை ஒட்டிக் காலில் மாட்டி, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது கயல் தன் கோலைப் பனியில் குத்திப் பார்த்தாள். நாலு விரல் ஆழத்துக்குச் சத்தமில்லாமல் இறங்கியது.

“இப்பவே இறங்கணுங்க,” என்றாள்.

“ரிலாக்ஸ் கயல். ஃபைவ் மினிட்ஸ்.” மகாதேவன் ட்ரோன் பெட்டியைத் திறந்தார். “செல்வா, அந்தப் பாறை மேல நில்லு. இல்ல, வேணாம், நான் நிக்கிறேன். நீ ஆபரேட் பண்ணு.”

செல்வராஜ் ரிமோட்டை வாங்கிக்கொண்டான். மகாதேவன் பாறைமேல் ஏறி மோவாயைத் தூக்கினார். காற்று வந்தது, ட்ரோன் ஆடியது. மறுபடி எடுக்கச் சொன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறை.

கயல் கணவன் பக்கத்தில் போய் நின்றாள். “நீங்க வர்றீங்களா?”

“நீ முன்னாடி போ. மகா முடிச்சதும் வந்துடறோம்.”

“வெயில் உங்க ரிவ்யூவுக்காகக் காத்துட்டு நிக்காதுங்க.”

அவன் அவளைப் பார்த்தான், பாறையைப் பார்த்தான், ரிமோட்டைப் பார்த்தான். ட்ரோனை மறுபடி மேலே ஏற்றினான்.

தனியாக இறங்கக்கூடாது என்று கயலுக்குத் தெரியும். நிற்கக்கூடாது என்பது அதைவிட நன்றாகத் தெரியும். “இனி லேட்டானா பனியில கால் வைக்காதீங்க. இந்தப் பாறை விலா மேலயே நடந்து இறங்கிடுங்க. புரியுதா?” என்றாள். பதிலுக்கு நிற்காமல் புறப்பட்டாள்.

ரவையின் கடைசிப் பதம் அது. ஓரமாக, பாறை நிழல் விழுந்த பகுதியாகப் பார்த்து வளைந்து வளைந்து இறங்கினாள். காலடியில் பனி சரசரத்தது. கோபமெல்லாம் எங்கோ மேலேயே நின்றுவிட்டது. அடிக்கு வந்து சேர்ந்தபோது, இப்படி ஒரு இறக்கம் வாழ்க்கையில் இனி கிடைக்குமா என்று தோன்றியது.

புதர் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தாள். திடீரென்று லாரியில் ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம். ஓடையின் நடுப்பகுதி முழுவதும் கழன்று, அவள் சறுக்கிய தடத்தையெல்லாம் வழித்துக்கொண்டு கீழே வந்து குவிந்தது. கயல் துள்ளி எழுந்தாள். “ஏங்க!” என்று கத்தினாள். வறண்ட குரல் மலைவரை போயிருக்காது.

பிறகுதான் பாறை விலாவின்மேல் இரண்டு புள்ளிகள் அசைவதைக் கண்டாள். உயிர் வந்தது. அழுதாள்.

அவர்கள் நெருங்க நெருங்க அழுகை நின்றது. முன்னால் மகாதேவன் கைவீசி வந்துகொண்டிருந்தார். பின்னால் செல்வராஜ், முதுகில் இரண்டு ஜோடி ஸ்கீயும் மார்பில் ட்ரோன் பெட்டியுமாக, சந்தைக்குப் போகிற பொதிமாடு மாதிரி தள்ளாடி வந்தான்.

“முட்டி லேசா பிடிச்சுக்கிச்சு,” என்றார் மகாதேவன். “ரிட்ஜ்ல இறங்கலாம்னு நான் எடுத்த டெசிஷன்தான் காப்பாத்துச்சு. ஆனா கயல், டீமை விட்டுட்டுப் போனது தப்பு. பரவால்ல, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“தாராளமா சொல்லுங்க,” என்றாள் கயல். “கூடவே உங்க ஸ்கீயை யார் சுமந்தாங்கன்னும் சொல்லிடுங்க.”

“கயலு, விடு,” என்றான் செல்வராஜ்.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். நெடுஞ்சாலையோரச் சிற்றூரில் பெட்ரோல் போட நிறுத்தியதும் மகாதேவன் குதித்து இறங்கிக் கடைக்குள் போனார். முட்டி எந்தத் தடையும் சொல்லவில்லை. கண்ணாடி வழியாக இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“அந்த முட்டிக்கு ஒண்ணுமில்லைங்க,” என்றாள் கயல்.

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“மேலயே.” சட்டைக்குள் தோலுரிந்த தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“தெரிஞ்சுமா தூக்குனீங்க?”

“நீட்டினார். வாங்கிட்டேன்.”

ஏமாந்தவன் என்று நினைத்துத் திட்டுவதற்கு அவள் நிறைய சேர்த்துவைத்திருந்தாள். தெரிந்தே சுமந்தவனுக்கு அதில் ஒன்றும் பொருந்தவில்லை. தெரிந்தே சுமப்பது இன்னும் கேவலம் என்றுதான் பட்டது. அதைச் சொல்லவும் செய்தாள். அவன் மறுக்கவில்லை.

மகாதேவன் ஒரே ஒரு காபியோடு வந்தார், தனக்கு மட்டும். “அடுத்த வருஷம் இதே ஸ்பாட், செல்வா. மொத்த டீமையும் கூட்டிட்டு வரோம். ப்ளான் நீதான் பண்ற.”

“நான் வரலை, மகா.”

“ஏன்?”

“பிடிக்கலை. உங்க கூட வர்றது பிடிக்கலை.”

மகாதேவன் காபி மூடியைத் திறந்தார், மூடினார். ஃப்ரீமான்ட் வரும்வரை அப்புறம் அவர் பேசவே இல்லை. அதுவே பெரிய விடுதலையாக இருந்தது.

மலை உச்சியில் சொல்லியிருக்க வேண்டியதை என் வீட்டு மனுஷன் பெட்ரோல் பங்கில் சொல்கிறாரே என்றுதான் கயலுக்குத் தோன்றியது. அந்த ரிவ்யூவில் செல்வராஜுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் புலம்பவில்லை, வேறு டீமுக்கு அப்ளை பண்ணினான். டிசம்பரில் முதல் பனி விழுந்ததும், “மலைக்கு உன் கூட நானும் வரட்டுமா?” என்று கேட்டான்.

“வாங்க,” என்றாள் கயல். “விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கணும். எழுந்திருக்கலைன்னா விட்டுட்டுப் போயிடுவேன்.”