முடி கட்டின மரு

வைகாசியில் முத்துப்பாண்டியின் முதுகில் மூணே மூணு மருதான் இருந்தது. ஆடி பிறக்குமுன்னே முதுகு கொள்ளாமல் முளைத்துவிட்டது. கறுத்துத் தடித்து, சட்டை உரசினாலே அரிக்கிற மரு. அவன்பாட்டுக்குச் சொறிந்துகொண்டு திரிந்தான். பெண்டாட்டி காளீஸ்வரிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டுகிறவள் அவள். கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னபடி கோயில் தெப்பத்தில் உப்பும் மிளகும் போட்டாள். மரு கரைந்ததா? உப்புதான் கரைந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"மருவுக்கெல்லாமா? சிரிப்பாங்கட்டி."

ஆளும் இளைத்துக்கொண்டே வந்தான். "லீவு போட்டுப் படுத்தே கெடந்தா ஒடம்பு எங்க தேறும்?" என்று அதற்கும் அவனைத்தான் ஏசினாள்.

கடைசியில் தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, இருக்கிறதிலேயே பெரிய மருவின் அடியில் இறுக்கிக் கட்டினாள். மூணாம் நாள் காலையில் அது விழுந்தது. "பாத்தீகளா!" என்று துள்ளினாள். துள்ளி முடிக்கவில்லை, ரத்தம் வந்துவிட்டது. கம்பெனித் துணி ஒரு சுருள் நனைந்தது. ரெண்டாவதும் நனைந்தது.

"ஒத்த மருவுக்கு இம்புட்டு ரத்தமா? அடி ஆத்தி, என்ன செஞ்சு தொலைச்சேன்!"

அமுக்கிப் பிடித்து ரத்தம் ஒருவழியாக நின்றதும், ஸ்ரீவில்லிபுத்தூர் தோல் டாக்டர் ஜாஸ்மினிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா முதுகை வெகுநேரம் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். பிறகு ஊசியை எடுத்தார்.

"மருவக் காட்ட வந்தா ரத்தத்த எடுக்கீகளே?" காளீஸ்வரி வெடித்தாள்.

"வயசானா மரு வரும்மா, அது சாதாரணம். ரெண்டு மாசத்துல இத்தனை முளைச்சு, ஆளும் மெலிஞ்சு, ரத்தமும் லேசுல நிக்கலன்னா உள்ள என்னன்னு பாத்துரணும்."

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. ரத்தப் புற்றுநோய் மாதிரி தெரிகிறது, இன்றைக்கே மதுரைக்குப் போங்கள், வைத்தியம் இருக்கிறது, நாள் கடத்தாதீர்கள் என்றார் டாக்டர். காளீஸ்வரி அவன் கையைப் பிடித்து நேரே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனாள்.

மதுரை பஸ்ஸில் முத்துப்பாண்டி அவள் தோளில் சாய்ந்திருந்தான். "நீ உப்புப் போட்டது பலிக்கலயேட்டி" என்று சிரிக்கப் பார்த்தான்.

"பலிச்சிருந்தா? அம்புட்டு மருவும் கரைஞ்சு போயிருந்தா, சொகமாயிட்டுன்னு உங்கள வீட்டுலயே போட்டு வச்சிருப்பேனே!"

கிருஷ்ணன்கோவிலில் பஸ்ஸை நிறுத்தி நிதானமாக ஆள் ஏற்றினார்கள். காளீஸ்வரி எழுந்து நின்று கண்டக்டரைப் பார்த்துக் கத்தினாள்: "ஏண்ணே, செத்த வெரசா எடுக்கக் கூடாதா?"