மாவு இறுகுமுன்

என் கணவர் சிற்பி. மனித உடம்புக்குள் ஒளிந்திருக்கும் சாரத்தை வெளியே கொண்டுவருகிறாராம். பத்து வருஷமாகக் கொண்டுவருகிறார், வந்தபாடில்லை. களிமண்ணில் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்து முடிந்து அலுத்துப்போய், "முகத்துலேருந்தே நேரா அச்சு எடுத்துட்டா என்ன?" என்று கடைசியில் என்னிடம்தான் வந்து நின்றார்.

நான் பல் மருத்துவமனையில் பல்லுக்கு அச்சு எடுப்பவள். அச்சு மாவுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிஷத்தில் இறுகும் என்று சொல்லிக்கொடுத்தது நான். மறுமாதமே ஒரு கூட்டத்தில் "இது நானே கண்டுபிடிச்ச முறை" என்று அளந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன்.

அதன்பிறகு புது ஆசை வந்தது. நான் வேலையை விட்டுவிட்டு, அவருடைய பட்டறையில் முழுநேரமும் மாவு கலக்க வேண்டுமாம். ராஜினாமாக் கடிதத்தைக்கூட அவரே எழுதிவிட்டார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பதினாலு வருஷம் நான் ஆசையாய்ப் பார்த்த வேலை. விட மனசே இல்லை. கட்டினவர் கேட்கிறாரே என்று ஒருநாள் காலையில் அரைமனதாகத் தலையாட்டினேன்.

அன்றே ஒரு பத்திரிகைக்காரர் பட்டறைக்கு வந்தார். அவர் முன்னால் என் முகத்தை அச்செடுத்துக் காட்டுவதாக ஏற்பாடு. பெஞ்சில் படுத்தேன். நான் கலந்துவைத்த மாவை இவர் நெற்றியிலிருந்து தாடை வரை அப்பினார். கண், வாய் எல்லாம் மூடிவிட்டது. மூச்சுக்கு மூக்குத் துவாரம் மட்டும். அப்பி முடித்ததும் நான் என்ற ஆளே அங்கே இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டது மகானுக்கு.

"ஏன் சார், மாடலா உங்க மனைவியையே வச்சிருக்கீங்க?" என்றார் பத்திரிகைக்காரர்.

"அவளுக்குள்ள ஒண்ணும் கிடையாது. யோசனை, குழப்பம் எதுவும் இல்ல. காலி டப்பா. அதனாலதான் அச்சு சுத்தமா விழுது. சாரத்தை நான் போட்டுக்குவேன்."

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது.

எழுந்து உதறியிருக்கலாம். ஆனால் மாவு இறுக இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. அது எனக்குத் தெரியும். அவருக்கு எங்கே தெரியப்போகிறது! இடப்பக்க உதட்டோரத்தை, தூ என்று துப்பப்போகிறவளைப் போல மெல்ல இழுத்து, அப்படியே நிறுத்திக்கொண்டேன். மாவு இறுகியது.

அச்சைக் கழற்றி அதில் சாந்து ஊற்றி, அது காய்ந்து சிலைமுகம் வெளியே வந்ததும் பத்திரிகைக்காரர் வாயைப் பிளந்தார்.

"என்னமா ஒரு சிரிப்பு சார்! இதை எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"அதுதான் உள்ளொளி," என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த நேரத்துல யாரை நினைச்சுக்கிட்ட?" என்றார்.

"உங்களைத்தாங்க."

பூரித்துப்போய், அடியில் 'அன்பு' என்று எழுதி ஒட்டினார்.

வந்தவர் போனதும் கடிதத்தையும் பேனாவையும் நீட்டினார். வாங்கி, கடிதத்தை நாலாகக் கிழித்தேன்.

"என்னடி இது? காலையில தலையாட்டினியே?"

"ஆட்டினேன். ஆனா நீங்க மூடினது என் வாயைத்தான். காதை இல்ல."