ஆறாம் இடத்தின் அனுகூலம்

மாசாய் ஊரில் பிரேமலாவின் பாட்டைக் குறித்து எவரும் பேசவில்லை. அவள் எத்தனையாவது இடத்தில் இருக்கிறாள் என்பதைத்தான் பேசினார்கள்.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் ஆறு பேர் மிஞ்சியிருந்தனர். அதுவரை விழுந்த ஓட்டுகளின்படி அவர்களுடைய தரவரிசை தினமும் மாலை ஆறு மணிக்குத் திரையில் வரும். ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் கடைசியாக நிற்பவர் வெளியேற வேண்டும். மற்ற ஐவரும் இறுதிச் சுற்றில் முழு வாத்தியக் குழுவோடு பாடலாம். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளைச் சோதிக்கும் பிரேமலா, அந்தச் சுற்றுக்காகவே சம்பளமில்லா விடுப்பில் கோலாலம்பூர் போயிருந்தாள். “ஒரே ஒரு தடவ அந்த வாத்தியக்காரங்க முன்னால நின்னுட்டா போதுங்க,” என்று கணவன் குணாளனிடம் சொல்லியிருந்தாள்.

குணாளன் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு ஒன்று அவன் ஆணைக்குக் காத்திருந்தது.

தரவரிசையின் குணத்தை அவன் ஆராய்ந்து வைத்திருந்தான். முன்பொரு வாரம் பிரேமலா முதலிடத்தில் இருந்தாள்; இனி நம் ஓட்டு எதற்கு என்று எல்லோரும் இருந்துவிட்டதால் கிடுகிடுவென்று இறங்கினாள். மறுவாரம் கடைசிக்குப் போனாள். பார்த்தவர்கள் பதறிப்போய் ஓட்டளித்ததால் இரண்டாம் இடத்துக்கு ஏறினாள். இப்போது வெள்ளிக்கிழமை. அவள் ஐந்தாம் இடத்தில் இருந்தாள். ஆறாம் இடத்தில் கெலாங் பாத்தாவைச் சேர்ந்த ஜோனதன், தேவாலயப் பாடகன்.

“அஞ்சாவதுன்னா உள்ளதானே இருப்பாங்க, அண்ணே?” என்றான் தேநீர்க் கடையில் எதிரே உட்கார்ந்திருந்த சபாபதி, குணாளனுடன் வேலை செய்பவன்.

“முப்பது ஓட்டுதான் வித்தியாசம்லா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வெளிய வந்ததும், ஐயோ நம்ம பையன் கடைசின்னு சர்ச்சே மொத்தமா குத்தும். அஞ்சாவதப் பாத்து எவன் பாவப்படுவான்?”

“அப்ப என்ன செய்யிறது?”

“கடைசி இடத்த நாம புடிக்கிறோம்.”

சபாபதி குடித்துக்கொண்டிருந்த தேநீரை மேசையில் வைத்தான். “அண்ணிக்குத் தெரியுமா?”

“சொன்னா டிவியில அழுகை சரியா வராது.”

ஆணை அன்றே போயிற்று: சனிக்கிழமை அனைவரும் ஜோனதனுக்கு, ஞாயிற்றுக்கிழமை அனைவரும் பிரேமலாவுக்கு. ஓர் எண்ணுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓட்டு. செயலியில் பாட்டு முழுவதும் ஓடி முடிந்த பிறகே ஓட்டளிக்கும் பொத்தான் தோன்றும். பிரேமலாவுக்கு ஓட்டளித்தபோதெல்லாம் குழுவினர் ஒலியை அணைத்துவிட்டு மீன் கழுவினார்கள், துணி உலர்த்தினார்கள். ஜோனதன் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. ஆகவே ஒலியை அணைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை பிரேமலா ஆறாம் இடத்துக்கு இறங்கினாள்.

“அலமாக், கடைசி!” என்று குணாளன் கூவினான். மனைவி கடைசியானதற்காகக் கடையில் இருந்த ஏழு பேருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்த கணவன் மாசாயில் அவன் ஒருவன்தான்.

பிரேமலா அழைத்தாள். “நீங்கல்லாம் போட்டீங்களா இல்லியா?”

“போட்டோம், எல்லாருமே போட்டோம்.”

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிறு காலை, மேல் மாடி வெள்ளையம்மா அக்காள் கதவைத் தட்டினார். “குணா, அந்தப் பையன் பாட்டக் கேட்டியா? எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுப்பா.”

“அக்கா, இன்னிக்குப் பிரேமாவுக்குப் போடணும்.”

“போடறேன், போடறேன். பிரேமா நம்ம புள்ளதானே,” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

கருணை வெள்ளமும் வரவில்லை. ஆறாம் இடத்தைக் கண்ட பொதுமக்கள், எப்படியும் போகப்போகிறவளுக்கு ஓட்டை ஏன் வீணாக்க வேண்டும் என்று தீர்மானித்தனர். கடைசி இடம் ஒரு வாரம் இரக்கத்தையும் மறுவாரம் அலட்சியத்தையும் கொடுக்கக்கூடும் என்பது குணாளனின் ஆராய்ச்சியில் விடுபட்டிருந்தது.

மாலை ஆறு மணிக்குப் பிரேமலா வெளியேறினாள். நிகழ்ச்சியை நடத்தியவர்கள் வழக்கம்போல் ஊர்வாரியான விவரத்தையும் வெளியிட்டார்கள். ஞாயிறன்று மாசாயிலிருந்து ஜோனதனுக்கு நூற்று முப்பத்தொன்று. பிரேமலாவுக்குத் தொண்ணூற்றாறு.

வீடு திரும்பும் பேருந்தில் அவள் அதைப் பார்த்தாள். இரக்கப்பட்ட சபாபதி தொலைபேசியில் மீதியைச் சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போனாள். வாயிற்காவலர், கேன்டீன்காரர், அடுக்குமாடியின் மின்தூக்கியில் நின்றவர்கள் என எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் அவளுக்குத்தான் ஓட்டளித்ததாகச் சொன்னார்கள். வெள்ளையம்மா அக்காள் மட்டும் வழியிலேயே இரண்டு முறை சொன்னார். பிரேமலா யாரையும் மறுக்கவில்லை. மூடிகளை எண்ணிப் பழகியவள், எண்ணிக்கொண்டே வந்தாள்.

மாலையில் குணாளன் சோற்றைத் தானே வடித்து, கறியையும் சுடவைத்துக் காத்திருந்தான். அவள் உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமினான்.

“பிரேமா, நேத்து நான் உனக்குத்தான்…”

“நூத்தி நாப்பத்தி மூணு,” என்றாள் பிரேமலா, ரசத்தை ஊற்றியபடி. “உங்களையும் சேத்து.”