அரைப்பேர்

விடிவதற்குள் ஹந்தானை மலையின் உச்சி நிரைக்கு ஏறியாகிவிட்டது. பனியில் ஊறிய தேயிலைச் செடிகள் பியட்றிஸை இடுப்புவரை நனைத்தன. கூடைக் கயிறு நெற்றியில் பழைய தழும்பின் மேலேயே அழுத்தியது. கொழுந்துச் சாறு பட்டு வெடித்திருந்த விரல்களில் ஈரம் இறங்கியபோது கண் கலங்கியது. காலில் அட்டை ஏறியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. விரல்கள் தம்பாட்டில் கிள்ளிக்கொண்டிருந்தன.

மலை இன்றும் வாயடைத்துக் கிடந்தது. முன்பென்றால் ஒரு நிரையில் தொடங்கும் பாட்டை அடுத்த நிரை பிடித்துக்கொள்ளும். சுவக்கினைப் பொலிஸ் கொண்டுபோன நாளிலிருந்து எவளும் வாய் திறப்பதில்லை. பாடினால் அவன் பாட்டுத்தான் வரும், அந்தப் பயம்.

சுவக்கின் பியட்றிஸின் கணவன். பகலில் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் ரோலர் மெஷினோடு நிற்பான். வேலை விட்டதும் கிற்றாரோடு லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவான். மாதா கோயில் பாட்டுக் குழுவில் தொற்றிய பழக்கம் அது. கூரை ஒழுகுவதும் அட்டை கடிப்பதும் கங்காணியின் தொந்தியும் எல்லாமே அவனுக்குப் பாட்டுத்தான். கண்டி டவுனில் கசெட் கடை வைத்திருந்த அலவத்துகொட பாரூக் நானா, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவைச் சாத்தி, விசிறியையும் நிறுத்திவிட்டு, அந்தப் பாட்டுகளைப் பதிவுசெய்து கொடுத்தார். அதில் ஒரு பாட்டு வினையாகிவிட்டது.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் 'பேர்' என்பார்கள். பறித்த கொழுந்து தோட்டம் குறித்த நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். தோட்டத்தைக் கம்பனி எடுத்ததும் நிறையைக் கூட்டினார்கள். நாள் முழுக்க முதுகொடிந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் அரைப்பேரோடு வீடு திரும்பினார்கள். காய்ச்சலோடு மலையேறிய பியட்றிஸுக்கும் அரைப்பேர் போட்ட அன்றைக்குச் சுவக்கின் இந்தப் பாட்டைக் கட்டினான்.

*விடியமுன்ன ஏறினேன், மழையோட எறங்கினேன்,*
*கூட நெறஞ்ச பின்னும் எனக்கு அரைப்பேரு.*
*எடுத்து வச்ச தொரையே, எனக்கொண்ணு சொல்லு,*
*மீதிப் பேரு இப்ப யாருகிட்ட இருக்கு?*

யுத்தம் நடக்கிற நாட்டில் தமிழ்ப் பாட்டோடு பஸ் ஏறுவதே குற்றம். சோதனைச் சாவடியில் அவன் பையிலிருந்த கசெட் அகப்பட்டது. அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன் அதைக் கேட்டார். இயக்கத்துக்காரர்களுக்கு வீட்டுப் பேர் ஒன்று, இயக்கப் பேர் ஒன்று என்பது அவருக்குத் தெரியும். அரைப்பேர் என்பவன் ஒரு புலி, மீதிப் பேரை யாரோ மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கேட்டுக் கேட்டே சுவக்கினை அடித்தார்கள். கேட்டால் சிரிப்பு வரவேண்டிய விஷயம். தோட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பியட்றிஸை ஒரே ஒரு தடவை பார்க்க விட்டார்கள். அவனுடைய இடது கை விரல்கள் வீங்கி, மடக்க முடியாமல் இருந்தன.

"கிட்டார் பத்திரமா இருக்கா, புள்ள?"

அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "லயத்தச் சோதிக்க வந்தவங்க பொளந்து போட்டுட்டாங்க. உள்ளுக்கு என்னமோ ஒளிச்சிருக்காம்."

"என்ன இருந்துச்சாம்?"

"ஒண்ணுமில்லீங்க."

அடிக்கு அழாதவன் அப்போது அழுதான்.

இன்று மத்தியான நிறுவை முடிந்ததும் பியட்றிஸ் ஆபீசுக்குப் போனாள். நிறையைக் குறைக்கச் சொல்லித் துரையிடம் கேட்டுவரும் சங்கத்துத் தலைவி இரத்தினம்மாவும் கூடப் போனாள். தோட்டத்தை நடத்தும் துரை சிங்களவர், தோட்டத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"தொரை, அரைப்பேருன்னா என்னான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா அவர விட்டுருவாங்க."

"பொலிசு கேட்டாச்சு. அப்பிடி ஒரு சொல்லே நம்ம தோட்டத்துல இல்லன்னு சொல்லியாச்சு."

பியட்றிஸ் மேசைக்கு இன்னும் கிட்டப் போனாள். "அப்ப நேத்து எனக்குப் போட்டது என்னாங்க?"

"கொழுந்து கொறஞ்சா சம்பளம் கொறையும். அதுக்குப் பேரெல்லாம் கெடையாது."

"இல்லாத சொல்லுக்காங்க எம் புருசன் அடி வாங்குறாரு?"

"பாடச் சொன்னது நானா?" துரை கதிரையில் சாய்ந்தார். "நெறையக் கொறைக்கச் சொல்லி நீங்க கேக்குறத விடுங்க. பொலிசுல பேசுறத நானும் யோசிச்சுப் பாக்குறேன்."

இரத்தினம்மா விடவில்லை. "அப்ப அந்தச் சொல்லு இருக்குங்களா, இல்லீங்களா?"

துரை வாட்சரைக் கூப்பிட்டு இருவரையும் வெளியே அனுப்பச் சொன்னார்.

வெளியே வந்ததும் பியட்றிஸ் உடைந்துபோனாள். "நெற போனாப் போகட்டும்க்கா. நான் அரைப்பேருலயே சாகுறேன். எனக்கு அவரு வேணும்."

அதில் பிழை சொல்ல யாருக்கு மனம் வரும்? இரத்தினம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "இன்னிக்கு விட்டுக்குடுத்தா, நாளைக்கு எதயாச்சும் கேட்டா மறுபடி ஒருத்தன உள்ள வச்சே பேரம் பேசுவான். அழு, நல்லா அழு. ஆனா தொரை வாயத் தொறக்கலன்னா என்ன? நமக்கு வாயி இல்லியா?"

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வந்த பெண்கள் ஒருத்தியும் மலையேறவில்லை. கூடைகளை ஆபீஸ் வாசலில் கவிழ்த்துவிட்டுக் கண்டிப் பாதையில் இறங்கினார்கள். அடையாள அட்டை இல்லாதவர்கள்தான் அதிகம். பிடித்து உள்ளே தள்ளினால் கேட்க நாதியில்லை. பயம் எல்லோருக்கும் இருந்தது. பயத்தோடுதான் நடந்தார்கள். டவுனில் பாரூக் நானா கடையைப் பூட்டிக்கொண்டு எதிரே வந்தார்.

"நீங்க எதுக்கு நானா? பொல்லாப்பு," என்றாள் பியட்றிஸ்.

"பாட்ட ரெக்கோட் பண்ணின நான் கடக்குள்ள ஒளிஞ்சி ஈக்கவா, தங்கச்சி? நானும் வாறன்."

பொலிஸ் வாசலில் துவக்குகள் நிமிர்ந்தன. அந்தச் சார்ஜனே வெளியே வந்தார். "என்ன இது? யாரு நீங்க?"

பியட்றிஸ்தான் முன்னால் போனாள். வெடித்த கைகளை விரித்துக் காட்டினாள்.

"நீங்க தேடுற அரைப்பேரு நான்தாங்க, மாத்தயா. இந்தா நிக்கிறவங்க எல்லாரும் அரைப்பேருதான். நாளெல்லாம் கொழுந்து பறிச்சிட்டுப் பாதிச் சம்பளம் வாங்குற ஆளுங்க."

பாரூக் நானா அதையே சிங்களத்தில் சொன்னார். சார்ஜன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டேஷனுக்குப் பொறுப்பான பெரிய மாத்தயா வராமல் எவனையும் விட முடியாது என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று பேனாவை எடுத்துக்கொண்டு இரத்தினம்மாவிடம் போனார்.

"பேர் சொல்லு. முழுப்பேர்."

"அதத்தான மாத்தயா நாங்களும் கேக்குறோம்."

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு வரிசையெங்கும் பரவியது. பியட்றிஸ் அழுதுகொண்டே சிரித்தாள். உள்ளே கதவு எதுவும் திறக்கவில்லை. மழை தொடங்கியது. ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை.