சாலி வீட்டு ஆள்

லண்டனுக்கு வெகு வடக்கே, கிரிம்ஷா பள்ளத்தாக்கில் ஹோல்டன் என்ற குடும்பப் பெயரால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. பாதி ஊருக்கு அதுதான் பெயர். தெருவில் நின்று கூப்பிட்டால் பால்காரரிலிருந்து பாதிரியார் வரைக்கும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் நெசவாலைகள் ஓடிய காலத்திலிருந்தே, யார் வீட்டு ஆள், யாருடைய மகன், யாருடைய பேரன் என்று கோத்துச் சொல்லித்தான் ஒருவரை அடையாளம் காட்டுவது. ஆலைகள் மூடிவிட்டன. ஒன்றில் பணக்காரர்கள் குடியிருக்கிறார்கள், இன்னொன்றில் புறாக்கள். வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நாரிஸ் ஹோல்டனின் முழு விலாசம், சாலி வீட்டு ஜாபோட ஜாக்கோட ஹாரியோட நாரிஸ். தறி மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அதிகம் பேசமாட்டார். வாழ்நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்குள் உதட்டசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர் அவர். சத்தம் நின்ற பிறகு யோசித்துப் பார்த்ததில், வாய்விட்டுச் சொல்லும்படி அவ்வளவாக ஒன்றும் மிஞ்சவில்லை.

கணவனை இழந்த ஹில்டாவும் தறி ஓட்டியவள்தான். சனிக்கிழமை மதியங்களில் நாரிஸ் அவள் வீட்டுச் சமையலறைக்குப் போவார். அவள் தேநீர் போடுவாள். இருவரும் கொல்லைப்புறச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சில சமயம் அந்தச் சுவர்மேல் ஒரு பூனை நடந்து போகும். அது போன பிறகும் இருவரும் அதைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார்கள். தன் வாழ்க்கையில் இவ்வளவு நிறைவாக யாரோடும் பேசாமல் இருந்ததில்லை என்று நாரிஸுக்குத் தோன்றியது. மீதி நாட்களை இப்படியே கழிக்க வேண்டும், அதுவும் சனிக்கிழமை மட்டும் என்றில்லாமல் எல்லாக் கிழமையும் கழிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

மழையில் பேருந்துக்காக நின்றபோது அதைச் சொல்லிவிட்டார். ஹில்டா ஒரு பேருந்தைப் போகவிட்டாள். இன்னொன்றும் போயிற்று. பிறகு பதில் சொன்னாள்.

“பொறந்ததும் ஹோல்டன் வீடு, வாக்கப்பட்டதும் ஹோல்டன் வீடு. எர்னஸ்ட் எனக்கு என்ன முறைன்னு கல்யாணமாகி எவ்வளவோ வருஷம் கழிச்சு ஒரு சாவு வீட்லதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அவர் காதைப் பார்த்தா எங்கப்பா காதாவே தெரிஞ்சுது. எதிர உக்காந்து சோறு எறங்கல. தெரியாத சொந்தம்னா பரவால்ல நாரிஸ். தெரிஞ்சுட்டா என்னால முடியாது.”

“அப்ப தெரிஞ்சுக்காமலே இருந்துடுவோம்” என்றார் நாரிஸ்.

“இப்பதான் கேட்டுட்டல்ல. போய் விசாரிச்சுட்டு வா. சொந்தம் இல்லன்னா மோதிரம் வாங்கு.”

விசாரிக்காமலே இல்லையென்று சொல்லிவிட்டுப் போகக்கூடியவர் அல்ல நாரிஸ். ஒரு தறியில் ஒரு நூல் அறுந்திருந்தாலும் அதை விட்டுவிட்டுத் தூங்கப் போகாதவர். அன்று மாலையே நூலகத்து மாடியில் கூடும் குடும்ப வரலாற்றுச் சங்கத்தில் சேர்ந்தார்.

சங்கத்தின் செயலாளர் பெரில் ரஷ்டன், பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஊரில் ஹோல்டன் ரத்தம் கலக்காத வெகு சிலரில் ஒருவர் என்பதால், சண்டையில்லாமல் இருக்கட்டும் என்று எல்லாரும் சேர்ந்து அவரைப் பதவியில் வைத்திருந்தார்கள். ஊரின் வம்சாவளியைச் சுவரில் ஒட்டும் காகிதச் சுருளின் பின்பக்கத்தில் எழுதித் தரை முழுக்க விரித்திருந்தார். உறுப்பினர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு தங்கள் மூதாதையர்மேல் நடந்து போய்த் தேடுவார்கள். யாராவது ஒருவர் தன் தாத்தாவின்மேல் நின்றுகொண்டு இன்னொருவரின் கொள்ளுப்பாட்டியை நகரச் சொல்லி வாக்குவாதம் நடந்துகொண்டே இருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாரிஸ் காகிதத்தின்மேல் தவழ்ந்தார். பேருந்து ஓட்டுநர் அவருக்கு உறவு. பல் மருத்துவர் உறவு. அவருடைய குப்பைத் தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டுப் போகும் எதிர்வீட்டுக்காரி இரண்டு வழிகளில் உறவு. இறந்துபோன தன் மனைவி தனக்கு மூன்று வழிகளில் உறவு என்று கண்டுபிடித்த அன்று வீட்டுக்கு வந்து அவள் புகைப்படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். காதை மட்டும் பார்க்கவில்லை.

ஹில்டாவின் கோடு தெளிவாக இருந்தது. மார்த்தாவின் வழி. மார்த்தா, சாலி ஹோல்டனின் மகள். நாரிஸின் கோடு அவருடைய பெயரிலேயே இருந்தது. சாலி வீட்டு ஜாப். ஆக இருவரும் ஒரே சாலியிடம் மட்டும் போய் முட்டினார்கள், வேறெங்கும் இல்லை.

“ஜாப் சாலியோட மகன்னு எங்கயும் பதிவாகல” என்றார் பெரில், ஒரு நம்பிக்கையும் இல்லாத குரலில். அந்தக் காலத்துத் தேவாலயப் பதிவேடுகளை ஈரம் தின்றுவிட்டிருந்தது. மிச்சம் இருக்கக்கூடியது சாலியின் கல்லறைக் கல் ஒன்றுதான். ஆனால் தேவாலயம் தரைவிரிப்புக் கிடங்காக மாறியபோது கற்களையெல்லாம் விற்றுவிட்டார்கள். ஊரில் எத்தனையோ வீடுகளில் கொல்லைப்படி, பன்றித் தொழுவம், வெண்ணெய் வைக்கும் மேடை என்று யார் யாரோ கவிழ்ந்து கிடந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மீன் வறுவல் கடையில் வரிசை வாசல் வரை நின்றது. நாரிஸும் பெரிலும் வரிசையில் நின்றபடி இதையே பேசிக்கொண்டு போனார்கள். கடை, தாரிக்குடையது. அவன் தாத்தா ஆலையில் இரவு ஷிப்டுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, கடல் கடந்து மிர்பூரிலிருந்து வந்தவர். ஊரில் அவனுக்கு ஒன்பதாம் நம்பர் வீட்டுப் பஷீரோட தாரிக் என்று பெயர்.

“யாரு, சாலி ஹோல்டனா?” என்றான் தாரிக், உருளைக்கிழங்கை எண்ணெயில் கொட்டியபடி. “சாலின்னு கூப்பிட்டாலும் சாரான்னு போட்டிருக்குமே, அவங்களா? அவங்க இங்கதான இருக்காங்க.”

கரண்டியால் மேடையைத் தட்டிக் காட்டினான். மீனும் வினிகரும் புழங்கிப் புழங்கி வழவழத்துப் போன கல்மேடை.

“கடையை வாங்குறப்பவே இருந்துச்சு. போன வருஷம் சுகாதார ஆபீசர் குனிஞ்சு அடியில பாத்துட்டு, யாருய்யா இந்த சாரான்னு கேட்டாரு. பதிவு பண்ணாம வேலைக்கு வச்சிருக்கேனோன்னு நெனச்சுட்டாரு.”

மேடைக்கு அடியிலிருந்த உருளைக்கிழங்கு மூட்டைகளை இழுத்துப் போட்டார்கள். நாரிஸ் தன் மேல்கோட்டைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு மல்லாந்து உள்ளே நுழைந்தார். அவருக்குப் பின்னால் கைவிளக்கோடு பெரிலும் நுழைந்தார். வெளியே நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தாரிக் வியாபாரத்தை நிறுத்தவில்லை. வாங்க வந்தவர்கள் கால்களைத் தாண்டிப் போய் வாங்கினார்கள்.

“எதுக்கு இதெல்லாம்?” என்று வரிசையில் ஒருவர் கேட்க, ஹில்டாவுக்கும் நாரிஸுக்கும் சொந்தம் இருக்கா இல்லையா என்று பார்க்கிறார்கள் என்று தாரிக் விளக்கினான். “இருந்தா கட்டிக்க மாட்டாங்களாம். எங்க வீட்ல சொந்தம் இல்லன்னாதான் பொண்ணு தர மாட்டோம். நான் கட்டியிருக்கறதே அத்த பொண்ணு. இவங்க என்னடான்னா கல்லுக்கடியில படுத்துத் தேடுறாங்க.”

கல்லுக்கடியிலிருந்து பெரிலின் குரல் கேட்டது. வகுப்பறைக் குரல். மெதுவாகப் படிக்க அதற்குத் தெரியாது.

“இங்கே துயில்கிறவர் சாரா ஹோல்டன், மார்த்தாவின் அன்னை. இவரோடு ஜாப். சிறுவனாக லண்டன் அனாதை விடுதியிலிருந்து ஆலை வேலைக்குக் கொண்டுவரப்பட்டு, சாராவின் வீட்டில் கடைசிவரை தங்கியிருந்தவர். இவரைப் பெற்றவர்களைத் தேவன் அறிவார்.”

எண்ணெய் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது. நாரிஸ் அந்தக் கல்லைப் பார்த்தபடி படுத்திருந்தார். மூக்குக்கு ஒரு சாண் உயரத்தில் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயர். சொந்தம் இல்லை. ஒரு துளிகூட இல்லை. மோதிரம் வாங்கலாம். அவருக்கு அழவேண்டும்போல இருந்தது. இடமில்லாததால் அழவில்லை.

“அப்ப இவன் வெளியூரானா?” என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

நாரிஸ் வெளியே வந்து முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். வரிசையின் நடுவில், பட்டாணி வாங்குவதற்கான சொந்தக் கிண்ணத்தோடு ஹில்டா நின்றிருந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். எந்தத் தெருவில் இறங்கவேண்டும் என்று தெரியாத ஒருவரைப் பேருந்தில் பார்ப்பதுபோல. பிறகு பட்டாணி வாங்காமலே போய்விட்டாள்.

மறுநாள் காலைக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. நாரிஸ் பிறந்து வளர்ந்த தெருவில், அவரோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர், அஞ்சலகம் எந்தப் பக்கம் என்று அவருக்குக் கைகாட்டிவிட்டுப் போனார். ரொட்டிக் கடைக்காரி, இங்கே மழை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், போகப்போகப் பழகிவிடும் என்று ஆறுதல் சொன்னாள். புல்தரைப் பந்தாட்டச் சங்கத்தில் அவருக்கு விதிகளை முதலிலிருந்து விளக்கினார்கள். அந்த விதிகளில் பாதியை எழுதியவரே அவர். யாரும் கேலி செய்யவில்லை என்பதுதான் அவரை வாட்டியது. அன்பாக நடத்தினார்கள். எதிர்வீட்டுக்காரி அவருடைய குப்பைத் தொட்டியைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு, விருந்தாளியிடம் சிரிப்பதுபோலச் சிரித்தாள்.

அன்றே சனிக்கிழமை. மதியம் ஹில்டா கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். தேநீரில் எத்தனை சர்க்கரை என்று கேட்டாள். அதுவரை அவள் கேட்டதே இல்லை.

“சொந்தம் இல்ல ஹில்டா” என்றார்.

“கேட்டேன். நானும் கடையிலதான் இருந்தேன்.” சுவரைப் பார்த்தாள். பூனை வரவில்லை. “யாருன்னு தெரியாத ஆள எப்படிப்பா வீட்டுக்குள்ள விடறது? எங்கம்மா இருந்திருந்தா உங்க ஆளுங்க யாருன்னு கேட்டிருப்பா. தேவன் அறிவார்னா சொல்லமுடியும்?”

நாரிஸ் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் ஜாபை நினைத்துக்கொண்டார். வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஒரு பையன். அவனுக்கும் யாராவது அஞ்சலகத்துக்கு வழி காட்டியிருப்பார்களா? அவனுக்குக் கடிதம் போட யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

விஷயம் வரலாற்றுச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போனது. பெரிலுக்கு நாரிஸின்மேல் இரக்கம். சாலி வளர்த்த பிள்ளை சாலியின் பிள்ளைதான், ஊரே தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறது, ஆகவே நாரிஸ் உள்ளூர்க்காரரே என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். காலுறையோடு நின்று காரசாரமாக விவாதித்தார்கள். கடைசியில் தீர்மானம் நிறைவேறியது. கைதட்டினார்கள். பெரில் குனிந்து, கல்லைப் படித்த பிறகு அழித்திருந்த கோட்டைச் சாலியிடமிருந்து ஜாபுக்குத் திரும்பவும் மையால் அழுத்திப் போட்டார்.

நாரிஸ் அந்தக் கோட்டைப் பார்த்தார். அது சாலி வரைக்கும் ஏறி, மார்த்தாவின் வழியாக இறங்கி, ஹில்டாவில் போய் நின்றது.

“இப்ப திரும்பவும் சொந்தமாயிட்டேனே, மேடம்” என்றார்.

பெரில் பேனாவை மூடினார். “தீர்மானத்தை மாத்தணும்னா அடுத்த வருஷப் பொதுக்குழுவுலதான் மாத்த முடியும் நாரிஸ்.”

அந்தச் சனிக்கிழமை நாரிஸ் போகவில்லை. வெளியூரான் என்றாலும் அவளுக்கு ஆகாது, உறவென்றாலும் ஆகாது. மூன்றாவதாக ஒரு மனிதனாக இருக்க அவருக்குத் தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இருட்டத் தொடங்கியபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஹில்டா. மழைக்குத் தலையில் துணி கட்டியிருந்தாள். உள்ளே வந்து, கேட்காமலேயே உட்கார்ந்தாள். அவர் வீட்டு ஜன்னலிலிருந்து சுவர் தெரியாது. மூடிக்கிடக்கும் ஆலையின் புகைபோக்கிதான் தெரியும். இருவரும் அதைப் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். தெருவிளக்கு எரிந்தது.

“சங்கத்துல என்ன முடிவு பண்ணாங்கன்னு கேள்விப்பட்டேன்” என்றாள் ஹில்டா.

“ம்.”

“அந்த ஜாப், சாலிக்கு என்ன வேணும்?”

“ஒன்னும் வேணாம். தங்கியிருந்தவன். அவ்வளவுதான்.”

“கடைசிவரைக்கும்னு போட்டிருந்துச்சு.”

“ஆமா.”

மறுபடியும் புகைபோக்கி. நாரிஸ் அவள் காதைப் பார்த்தார். அதில் யாருடைய சாயலும் அவருக்குத் தெரியவில்லை.

“எங்க வீட்ல பின்கட்டு ரூம் சும்மாதான் கெடக்கு” என்றாள் ஹில்டா. “யாராவது ஒரு ஆளைக் குடிவைக்கலாம்னு இருக்கேன். சத்தம் போடாத ஆளா இருக்கணும்.”

நாரிஸ் யோசித்தார். நன்றாக, எல்லாப் பக்கமும் யோசித்தார்.

“சாப்பாடோடயா?”

“பின்ன? பட்டினியாவா போடுவாங்க?”

அடுத்த வாரம் தன் பெட்டி, கருவிப்பை, நாற்காலி, மனைவியின் புகைப்படம் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுத்தெருவில் போனார். ஊர் ஜன்னல் வழியாகப் பார்த்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் ஒருவர் குடியிருப்பதில் சொல்ல என்ன இருக்கிறது?

பின்கட்டு அறையில் எவ்வளவு நாள் இருந்தார், எப்போது அவர் முன்கட்டுக்கு மாற, அங்கே பழைய சாமான்கள் அடுக்கப்பட்டன என்பதை இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் எதையுமே அதிகம் சொல்கிறவர்கள் இல்லை.

கோடை தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் வழக்கம்போலக் கூட்டம். ஹில்டாவின் கிண்ணத்தோடு நாரிஸ் சுவரோரம் சாய்ந்து நின்றிருந்தார். தாரிக் பொட்டலத்தைக் கட்டிக் கல்லின்மேல் வைத்தான்.

“ஹில்டா வீட்டு நாரிஸ்! ரெண்டு மீனு, பட்டாணி!”

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாரிஸும், யாரைக் கூப்பிடுகிறான் என்று ஒரு முறை வரிசையைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை நீட்டிக்கொண்டு முன்னால் போனார்.

“வினிகர் கொஞ்சம் கூட ஊத்துப்பா” என்றார். “எங்க வீட்ல அப்படித்தான்.”